நாற்பது கொண்டை ஊசி... ஒரு கிழட்டு பிக்-அப்!

கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. பட்டுப்புடவைக் கடை, நகைக்கடை, கண் டாக்டர், பல் டாக்டர், சாம்பாரில் முங்கிக் குளிக்கும் இட்லி... இவ்வளவுதான் என்று. தப்பில்லை. ஆனால், விடியற்காலை நாலு மணிக்கு ஒரு தடவை வந்து பாருங்கள். அது வேற ஊர்!

பூ மார்க்கெட் பக்கம் மல்லிகை மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும். உழவர் சந்தைக்குத் தொண்டாமுத்தூர்ப் பக்கமிருந்து கத்திரியும் கீரையும் வந்து சேரும். ஏதோ ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் அண்டா உருளும் சத்தம் கேட்கும். இதையெல்லாம் சுமந்து வருவது யார்? பகலில் டி.பி. ரோட்டில் பளபளக்கிற கார்களா? ஊஹூம். பெயின்ட் உதிர்ந்த, பம்பர் நசுங்கிய, 'தடதட'வென்று தெருவையே எழுப்புகிற டீசல் பிக்-அப் வண்டிகள்!

நகராட்சித் தலைவராக இருந்த சி.எஸ்.ரத்தினசபாபதி முதலியார் பெயரில் அமைந்த பேட்டை இது. டி.பி. ரோடு என்பது திவான் பகதூர் ரோடு. அந்த திவான் பகதூர் ரோட்டில் இன்றைக்குப் பல மாடி கார் நிறுத்தமெல்லாம் வந்துவிட்டது. பிக்-அப்புகளுக்கு மட்டும் அதே பழைய சந்து, அதே வேப்பமரத்து நிழல்தான்.

எங்கள் சந்தில் அப்படி ஒன்று நிற்கிறது. 2000-ம் வருஷ மாடல். கம்பெனி பெயர் வேண்டாம்... அதற்கும் மானம் மரியாதை உண்டு. சொந்தக்காரர் கல்யாண சமையல் கான்ட்ராக்டர். பேட்டை முழுக்க அவரை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடும். எனக்கு 'அண்ணா'.

நான் பி.காம். படித்தவன். படித்ததில் ஞாபகம் இருக்கிற ஒன்றிரண்டில் தேய்மானமும் ஒன்று. மூன்று லட்ச ரூபாய் வண்டியை வருஷா வருஷம் மிச்ச மதிப்பில் 15 சதவீதம் கழித்துக்கொண்டே போங்கள். 25 வருஷம் கழித்தாலும் ஐயாயிரத்துச் சொச்சம் நிற்கும். பூஜ்யம் ஆகவே ஆகாது. மாஸ்டரின் வண்டியும் இந்த வகையறாதான். தேய்ந்துகொண்டே இருக்கிறது... தீர மாட்டேனென்கிறது!

மாஸ்டரின் மகன் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். "அப்பா, எஃப்.சி. முடியறதுக்குள்ள இதை எடைக்குப் போட்டுடலாம்" என்று வாராவாரம் சொல்கிறான். மாஸ்டர் வாராவாரம் "பாக்கலாங் கண்ணு" என்கிறார்.

இந்தப் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தபோதுதான் போன தை மாசம் வால்பாறையில் ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. 300 பேருக்கு ராத்திரி டிபன், காலை முகூர்த்தச் சாப்பாடு. "தம்பி, நீங்களும் வாங்க. மலையப் பாத்த மாதிரி இருக்கும், பேச்சுத்துணையும் ஆச்சு" என்றார். சமையல் ஆட்கள் ஐந்து பேரையும் பஸ்ஸில் அனுப்பிவிட்டார். சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். அந்த விஷயத்தில் மாஸ்டர் கறார்.

காலை ஏழரைக்கு ஏற்றம் முடிந்தது. மூன்று அண்டா, இட்லிக் கொப்பரை, இரண்டு அடுப்பு, கிரைண்டர், ஆறு மூட்டை காய், ஒரு வாழைத்தார். முன் சீட்டில் மாஸ்டர், நான், நடுவில் அப்பளக் கட்டு.

சாவியைத் திருப்பினார். 'கொர்ர்... கொர்ர்... கொர்ர்...' இன்ஜின் சுற்றுகிறது. பிடிக்கவில்லை. மறுபடி. 'கொர்ர்...' ம்ஹூம்.

"எடுக்க மாட்டீங்குதுங் தம்பி..." என்றார் மாஸ்டர். குரலில் 300 பேரின் பசி தெரிந்தது.

புகை சொல்லும் ஜோசியம்

தடாகம் ரோட்டுப் பக்கமிருந்து மெக்கானிக் பாய் மொபெட்டில் வந்து சேர்ந்தார். எழுபதை நெருங்குகிற மனிதர். பானெட்டைத் திறக்கவேயில்லை. என்னைப் பார்த்து, "தம்பி, பின்னாடி போய் நில்லுங்க. புகை வருதான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

மாஸ்டர் சாவியைத் திருப்ப, நான் சைலன்ஸரையே உற்றுப் பார்த்தேன். "ஒண்ணுமே வரலீங்க பாய்!"

"அப்ப நல்லதாப் போச்சு!" என்றார் பாய்.

எனக்குப் புரியவில்லை. வேலை பார்த்துக்கொண்டே விளக்கினார். டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டி மாதிரி தீப்பொறி பிளக் கிடையாது. காற்றை உள்ளே இழுத்து, இருபதில் ஒரு பங்காக நசுக்கும். சைக்கிள் பம்ப் அடித்தால் அடிப்பக்கம் சுடுமே, அதேதான். இங்கே சூடு 500 டிகிரியைத் தாண்டிப் போகும். அந்த நேரம் பார்த்து நாசில் டீசலைப் பனி மாதிரித் தூவும். தானே பற்றிக்கொள்ளும். அவ்வளவுதான் ரகசியம்.

ஆக, பழைய டீசல் இன்ஜினுக்கு வேண்டியது மூன்றே மூன்று. காற்று, அழுத்தம், டீசல். (காலைக் குளிரில் கொஞ்சம் கணப்புக் காட்ட ஹீட்டர் பிளக்.) இன்ஜின் நன்றாகச் சுற்றியும் புகையே வராவிட்டால், டீசல் உள்ளே போகவேயில்லை என்று அர்த்தம். வெள்ளைப் புகை வந்து பிடிக்காவிட்டால், டீசல் போகிறது. எரியத்தான் சூடு போதவில்லை. அப்போது ஹீட்டர் பிளக்கைப் பார்க்க வேண்டும். அதுவும் சரியென்றால் அழுத்தத்தைச் சந்தேகப்பட வேண்டும். அழுத்தம் போயிருந்தால் செலவு ஆயிரங்களில்; டீசல் வராவிட்டால் செலவு நூறுகளில். அதனால்தான் 'நல்லதாப் போச்சு!'

டேங்கில் டீசல் இருக்கிறது. அப்புறம் ஏன் வரவில்லை? "ஏர் புடிச்சிருச்சு" என்றார் பாய். டேங்கிலிருந்து பம்ப்புக்குப் போகும் ரப்பர் ஹோஸை விரலால் வளைத்துக் காட்டினார். நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு.

"ஒரு சொட்டுக்கூட ஒழுகலீங்களே பாய்?" என்றார் மாஸ்டர்.

"இது உறிஞ்சற பக்கம் மாஸ்டர். வெளிய ஒழுகாது, உள்ள காத்தை இழுக்கும். ராத்திரி பூரா நின்னா லைன்ல இருக்கற டீசல் டேங்குக்கே எறங்கிப் போயிரும். பகல்ல ஓடும்... காலைல மக்கர் பண்ணும்."

கவனியுங்கள். 'நேற்று சாயங்காலம் நன்றாக ஓடிய வண்டி காலையில் எடுக்கவில்லை' என்று வருகிற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. இது தெரியாமல் பேட்டரியை மாற்றினவர்கள், ஸ்டார்ட்டரைக் கழற்றினவர்கள், ஜோசியரைப் பார்த்தவர்கள் உண்டு!

புது ஹோஸ், இரண்டு கிளிப், டீசல் ஃபில்டருக்குப் புது வாஷர். ஃபில்டர் மேல் இருக்கும் காற்று திருகாணியை லேசாகத் தளர்த்தி, கை பம்ப்பை அமுக்கினார் பாய். முதலில் நுரை. அப்புறம் சோடா மாதிரிக் குமிழி. அப்புறம் குமிழி இல்லாத சுத்தமான டீசல். திருகாணியை இறுக்கினார். பிறகு நாசிலுக்குப் போகும் பைப் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, இன்ஜினைச் சுற்றவிட்டு, அங்கேயும் டீசல் எட்டிப் பார்த்ததும் இறுக்கினார்.

"இந்த எடத்துல மட்டும் கைய வச்சு 'டீசல் வருதா'ன்னு பாக்கக் கூடாது தம்பி. 100 கிலோவுக்கு மேல பிரஷர். ஊசியில்லாமலே தோலுக்குள்ள ஏத்திப்புடும். விரலையே எடுக்க வேண்டியதாப் போயிரும்" என்று எச்சரித்தார்.

'கொர்ர்... தட்... தட்தட்தட்!' சந்தே அதிர்ந்தது. மாடி வீட்டு ஜன்னல்கள் இரண்டு படாரென்று மூடிக்கொண்டன. மாஸ்டர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டார். மணி ஒன்பதே கால்.

இந்த இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் பாவம், அரைக் கும்பிடுகூட வாங்காமல் போன மனிதர். 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் இன்ஜினை ஓட்டிக் காட்டினார். 1913-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது ராத்திரி காணாமல் போய், கடலில் பிணமாகக் கிடைத்தார். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் இன்ஜின் ஒன்றைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். நம்ம கொங்கு நாட்டுக் கடலைக்காட்டுக்காரர் யாராவது அப்போது பாரிஸில் இருந்திருந்தால், 'எண்ணெய் என்ன வெலைங்க?' என்று கேட்டுவிட்டுத்தான் கை தட்டியிருப்பார்!

ஊரே ஒரு பட்டறை

காந்தி பார்க், உக்கடம் தாண்டிப் பொள்ளாச்சி ரோடு. 2024 ஆகஸ்ட்டில் திறந்த உக்கடம் மேம்பாலத்தில் ஏறும்போது மாஸ்டர் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டார். "கறும்புகை வருதுங் தம்பி. லோடு ஏறினா வரத்தான் செய்யும். ஆனா இது கொஞ்சம் சாஸ்தி."

கறும்புகை என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. முதல் குற்றவாளி ஏர் ஃபில்டர். அடுத்தது தேய்ந்த நாசில். நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயிலே எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப்புகை விடாமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், ஹெட் கேஸ்கெட்டில் சந்தேகம். மூன்று கலர் தெரிந்தால் பாதி மெக்கானிக்!

மீதிப் பாதி? அதற்குக் கோயமுத்தூரில் இருக்க வேண்டும். பம்ப்செட்டும் கிரைண்டரும் வார்ப்படமும் செய்து பழகிய ஊர் இது. கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் எந்தச் சந்தில் நுழைந்தாலும் லேத் சுற்றும் சத்தம் கேட்கும். 'இந்த பார்ட் இப்ப வர்றதில்லீங்க' என்று கம்பெனி கை விரித்துவிட்டால், பழைய துண்டைச் சாம்பிளாகக் காட்டிக் கடைந்து வாங்கிவிடலாம். வண்டிகளின் முன்னால் அலறும் ரூட்ஸ் ஹாரன் இந்த ஊர். டேஷ்போர்டில் முள் ஆடும் பிரிகால் மீட்டர் இந்த ஊர். டயர் கடையில் காற்றடிக்கும் எல்ஜி கம்ப்ரஸர் இந்த ஊர்.

இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருவர் ஜி.டி.நாயுடு. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதையே வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டின மனிதர். 1920-ல் இதே பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு ஒற்றை பஸ் ஓட்ட ஆரம்பித்தார். 2025 அக்டோபரில் திறந்த அவிநாசி ரோடு மேம்பாலத்துக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அந்த மேம்பாலத்தில் கொஞ்ச நேரத்தில் ஊரைத் தாண்டிவிடலாம். ஆனால் அவரைப்போல ஒரு வண்டியைக் கழற்றி மாட்டுகிற பொறுமை, மேம்பாலம் போட்டால் வந்துவிடுமா என்ன?

வரையாடு பார்க்க ஒரு வேடிக்கை

பொள்ளாச்சி தாண்டினால் இரண்டு பக்கமும் தென்னை. அப்புறம் ஆழியாறு அணை. 1962-ல் கட்டி முடித்த அணை. செக் போஸ்ட்டில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு, மலையைப் பார்த்தேன். பாறைச்சுவர் மாதிரி நேராக நிற்கிறது. அதன்மேல் யாரோ ரிப்பனைச் சுற்றிப் போட்ட மாதிரி ரோடு. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் நம்பர் போட்ட போர்டு.

மாஸ்டர் ஏறுவதற்கு முன் இறங்கி, நாலு டயரையும் தட்டிப் பார்த்தார். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் கன்னங்கரேல் என்று இருந்தது. "டீசலுக்கு ஆயில் கறுப்பாத்தாங்க இருக்கும். அது அழுக்கைத் தன்மேல ஏத்துக்குதுன்னு அர்த்தம். காப்பித்தண்ணி கலர்ல பால் மாதிரி இருந்தாத்தான் வெசனப்படோணும். தண்ணி கலந்திருக்கும்."

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட். கீழே ஆழியாறு அணை நீலத் தட்டு மாதிரி மின்னுகிறது. நாலு பையன்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேலே, பாறை விளிம்பில் இரண்டு வரையாடுகள், 'இதுக்கா இவ்வளவு கஷ்டப்பட்டு வந்தீங்க?' என்கிற பார்வையோடு அசை போட்டுக்கொண்டிருந்தன.

பதினேழாவது வளைவில் மாஸ்டரின் முகம் மாறியது. டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கி நகர்கிறது!

இந்த இடத்தில்தான் பழைய வண்டிக்காரனின் அனுபவம் பேசும். அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டினார். ஹாண்ட்பிரேக், பின்சக்கரத்துக்குக் கட்டை. இன்ஜினை உடனே நிறுத்தவில்லை. இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டார். தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தால் சூடு மெதுவாக இறங்கும். பட்டென்று நிறுத்தினால் உள்ளே நிற்கிற தண்ணீர் கொதித்துப் பொங்கும்.

நான் சும்மா இருக்க முடியாமல் ரேடியேட்டர் மூடியைப் பார்த்துக் கை நீட்ட, "தம்பீ...!" என்று ஒரு அதட்டல். "அதத் தொறந்தா மூஞ்சில வடிச்ச கஞ்சியக் கொட்டின மாதிரிங்க. அரை மணி நேரம் வாழைத்தாருக்குக் காவல் இருங்க, போங்க."

காவல் தேவையாகத்தான் இருந்தது. எங்கிருந்தோ ஒரு குரங்குக் கூட்டம் வந்து அண்டாமேல் உட்கார்ந்துவிட்டது. 'முகூர்த்தப் பந்திக்கு முன்பந்தி' என்று அவை முடிவு செய்துவிட்டதை நான் ஒரு கரண்டியோடு எதிர்த்து நின்றேன்.

அதற்குள் மாஸ்டர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறது. இந்த வண்டியில் விசிறியையும் தண்ணீர் பம்ப்பையும் சுற்றுவது அந்த ஒற்றை பெல்ட்தான். கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்கலாம். இது ஒன்றரை அங்குலம் போகிறது. டைனமோ போல்ட்டைத் தளர்த்தி, ஜாக்கிக் கம்பியால் நெம்பி, இறுக்கினார். கிரீச் சத்தம் கேட்ட அன்றைக்கே பார்த்திருக்க வேண்டிய வேலை என்று முணுமுணுத்துக்கொண்டார்.

அப்புறம் கந்தல் துணியைப் போட்டு, மூடியைப் பாதி திருப்பி, 'உஸ்ஸ்' அடங்கின பிறகு திறந்தார். இன்ஜினை ஓடவிட்டு, கேனிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை மொத்தமாகக் கொட்டினால் ஹெட் வெடித்துவிடும்.

"இது என்ன தண்ணிங்கண்ணா?"

"சிறுவாணிங்க! பின்ன? போர் தண்ணி ஊத்தினா உப்புப் படிஞ்சு ரேடியேட்டர் அடைச்சுக்கும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான் கரெக்ட். அவசரத்துக்கு நம்ம சிறுவாணி."

உலகத்தில் ருசியான குடிதண்ணீர் என்று கோவைக்காரர்கள் பீற்றிக்கொள்ளும் சிறுவாணியை ரேடியேட்டருக்கு வார்க்கிற வண்டி... அதனால்தான் வண்டிக்கு இத்தனை ஆயுசு போலிருக்கிறது!

வளைவு ஏற ஏற கறும்புகை கூடியது. வால்பாறை சுமார் மூவாயிரத்து ஐந்நூறு அடி உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிடக் குறைவு. டர்போ இல்லாத பழைய இன்ஜினுக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும். அதை மிதித்து விரட்டக் கூடாது. ஒரு கியர் குறைத்து, அது போகிற வேகத்தில் போக வேண்டும். எங்களுக்குப் பின்னால் ஏழு கார்கள் ஊர்வலமாக வந்தன. இடம் கிடைத்தபோதெல்லாம் மாஸ்டர் ஒதுங்கி வழி விட்டார்.

நாலரை மணிக்கு வால்பாறை. ஐந்துக்கு கிரைண்டர் சுற்ற ஆரம்பித்தது. ராத்திரி டிபனுக்கு அரை மணி தாமதம். யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் காலை மணப்பெண்ணின் பெரியப்பா மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவியல் நெம்ப ஜோருங்க" என்றார். அந்த அவியல் ஒரு நகக்கீறல் ஹோஸில் தொங்கிக்கொண்டிருந்த கதை அவருக்குத் தெரியாது.

இறங்குவதுதான் பரீட்சை

ஏறும்போது வண்டி நின்றால் வேலைதான் கெடும். இறங்கும்போது நிற்காவிட்டால்...? மாஸ்டர் வால்பாறையை விட்டுக் கிளம்பும்போதே சொல்லிவிட்டார். "எந்த கியர்ல ஏறுனமோ, அந்த கியர்லதான் எறங்கோணும்."

சின்ன கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்குக்கு ஓய்வு. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டினால், அத்தனை பாரமும் பிரேக் லைனிங் தலையில். டிரம் சூடேறி, லைனிங் பிடியை இழந்து, மிதித்தால் கால் போகும், வண்டி நிற்காது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் இன்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுவார்கள். பிரேக்குக்குப் பலம் கொடுக்கிற வேக்குவம் பம்ப் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது. இன்ஜின் நின்றால் இரண்டு மூன்று மிதியில் பிரேக் கல்லாகிவிடும். மிச்சம் பிடித்த டீசலுக்கு வாங்கவேண்டிய பண்டங்கள் மாலையும் ஊதுபத்தியும்தான்.

பாதி மலை இறங்கியபோது பார்த்தோம். ஒரு வாடகை வேன் ஓரத்தில் நிற்கிறது. முன்சக்கரத்திலிருந்து புகை. கருகிய நாற்றம். உள்ளே குழந்தைகள். டிரைவர் பாட்டில் தண்ணீரோடு சக்கரத்தை நோக்கி ஓடுகிறார்.

மாஸ்டர் வண்டியை நிறுத்திக் கத்தினார். "ஏனுங்... ஊத்தாதீங்! டிரம் வெடிச்சிரும்! அப்புடியே ஆற உடுங்க!"

அந்த டிரைவருக்கு இருபத்தைந்து வயசு இருக்கலாம். கை நடுங்கியது. "பிரேக் புடிக்கவேயில்லீங்ணா. மேட்டுல ஒதுக்கி நிறுத்தினேன்..." என்றார். முக்கால் மணி நேரம் நாங்களும் நின்றோம். மிச்சமிருந்த லட்டுப் பொட்டலம் குழந்தைகளுக்குப் போனது. புகை அடங்கி, சக்கரம் தொடுகிற சூட்டுக்கு வந்த பிறகு, "என் பின்னாடியே ரெண்டாவது கியர்ல வாங்க. அவசரமே இல்ல" என்று மாஸ்டர் முன்னால் போனார். ஆழியாறு வரை அந்த வேன் எங்கள் கண்ணாடியிலேயே இருந்தது. கீழே வந்ததும் அந்தப் பையன் ஒன்றும் பேசவில்லை. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

இப்போ கணக்குக்கு வருவோம்

ஊர் திரும்பின வாரம், மாஸ்டர் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என்முன் போட்டார். "நீங்க பி.காமுங்க. இத வச்சுக்கறதா, தாட்டி உடறதா? சொல்லிப்போடுங்க." மகனும் பக்கத்தில் நின்றான்.

மூன்று வருஷ ரிப்பேர் ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம். மாசம் 3,500 ரூபாய். புது பிக்-அப் எடுத்தால் மாசத் தவணை அதைப்போல ஐந்து மடங்கு வருகிறது. கிழவன் ஜெயித்தான் என்று மாஸ்டர் சிரித்தார்.

"இருங்கண்ணா... இன்னொரு பக்கமும் இருக்கு" என்றேன்.

வண்டி படுத்த நாட்கள் வருஷத்துக்குப் பதினொன்று. அதில் ஒன்று முகூர்த்த நாளாக இருந்தால், போவது ஒரு ஆர்டர் மட்டுமில்லை, பேர். அடுத்தது சட்டம். டெல்லியில் 10 வயசான டீசல் வண்டிகளை ஓட்டக் கூடாது என்று 2015-லேயே பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. 15 வயசான அரசாங்க வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரலிலிருந்து ரத்து. நம்மைப் போன்றவர்கள் எஃப்.சி.யில் தேறினால் ஓட்டலாம். ஆனால் 2022-லிருந்து பழைய வண்டிக்கு அந்தக் கட்டணமும் ஏறிவிட்டது.

மூன்றாவது, நோட்டில் எழுதாத செலவு... புகை. டீசல் புகை மனிதனுக்குப் புற்றுநோய் வரவழைக்கும் என்று 2012-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பே அறிவித்துவிட்டது. 2020-லிருந்து வருகிற பி.எஸ்-6 வண்டிகளில் கரியை வடிகட்ட ஃபில்டர் இருக்கிறது. நம்ம கிழவனுக்கு இருப்பது வெறும் சைலன்ஸர். சந்து முனையில் ஸ்கூல் வேனுக்காக நிற்கிற குழந்தைகள் மூக்கில்தான் அது போகிறது.

மாஸ்டர் சிரிப்பை நிறுத்திவிட்டார். மகனும் 'பார்த்தீங்களா' என்று குத்திக்காட்டவில்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கடைசியில் மாஸ்டரே தீர்ப்புச் சொன்னார். "இனி மலைக்கு இது வேண்டாமுங்க. அதுக்கு வாடகை வண்டி சொல்லிக்கலாம். புகைய மட்டும் ஒருக்கா சரி பண்ணிப் பாக்கறேன். பாஸானா ஊருக்குள்ள ஒரு வருசம் ஓடட்டும். ஆகலீன்னா நானே கொண்டுபோய் உட்டுர்றேன்."

நாசில் நாலையும் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் போட்டார்கள். இரண்டு நாசில் பனி தூவுவதற்குப் பதில் குழாய் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. மாற்றினார்கள். பம்ப் காலிபரேஷன். புது ஏர் ஃபில்டர். பழைய ஃபில்டரைத் தட்டினபோது உதிர்ந்த புழுதியில் ஒரு பாத்தி கட்டிக் கீரை போட்டிருக்கலாம்! பழைய டீசல் வண்டிகளுக்குப் புகை அளவு 65-ஐத் தாண்டக் கூடாது. வேலைக்கு முன்னால் 71 இருந்தது, 52-க்கு இறங்கியது. எஃப்.சி. பாஸ்.

மகன் இப்போது அப்பாவின் நோட்டுக்குப் பதிலாகத் தன் செல்போனில் எழுதி வைத்திருக்கிறான். தினமும் காலையில் ஆயில், தண்ணீர். வாரம் ஒரு தரம் பெல்ட், டயர் காற்று, ஃபில்டருக்கு அடியில் சேர்கிற தண்ணீரைத் திறந்துவிடுவது. மாசம் ஒரு தரம் ஏர் ஃபில்டர், ஹோஸ், கிரீஸ். வருஷம் ஒரு தரம் நாசில், பிரேக் லைனிங். கடைசி வரியாக, 'அடுத்த எஃப்.சி.: புகை 65-க்கு மேல் போனால் விற்பனை. வாதம் கிடையாது' என்றும் சேர்த்திருக்கிறான். மாஸ்டர் அதைப் படித்துவிட்டு, கையெழுத்துப் போட எங்கே இடம் என்று கேட்டாராம்.

"ஏனுங் தம்பி, உங்க தேய்மானக் கணக்குல இது எப்பத்தான் பூஜ்யமாகும்?" என்றார் என்னிடம்.

"ஆகவே ஆகாதுங்கண்ணா."

"அப்ப அடுத்த வருசம் எடைக்குப் போடறப்ப, கடைக்காரங்கிட்ட இந்தக் கணக்க நீங்களே வந்து சொல்லிப்போடுங்க. கிலோவுக்கு ரெண்டு ரூவா சேத்திக் குடுப்பானல்லோ!"